பர்கூரிலிருந்து பெர்லினுக்கு: முதலில் வேலை, அப்புறம்தான் விசா

நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்ப்பக்கம் வெளிநாட்டு ஐடி வேலை பற்றிப் பேச்சு வந்தாலே முதல் கேள்வி "நல்ல ஏஜென்ட் யாரு?" என்பதுதான். காவேரிப்பட்டணத்துப் பக்கமிருந்து ஒரு அப்பா போன் பண்ணி, "தம்பி, ஆறு லட்சம் கட்டினா ஜெர்மனி விசா கன்ஃபார்ம்னு சொல்றாங்க, பையனுக்குக் கட்டிடலாமா?" என்று கேட்டார். கட்டாதீர்கள். சாஃப்ட்வேர் வேலைக்கு வெளிநாடு போகிற வரிசை இதுதான்: ஒரு கம்பெனி உங்களை இன்டர்வியூ செய்து வேலை கொடுக்கிறது, அந்த கான்ட்ராக்டை வைத்துத்தான் விசாவுக்கு விண்ணப்பம் போகும். விதிவிலக்கு ஒன்று உண்டு, கீழே சொல்கிறேன், ஆனால் அதற்கும் யாருக்கும் லட்சக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை.

இந்தியச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் பதிவு பெற்ற ஏஜென்ட் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். பதிவு உண்மையா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பார்க்கலாம். இன்னொன்றை எல்லா வீட்டிலும் சொல்லி வையுங்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, சம்பளம் ஒரு லட்சம், டூரிஸ்ட்டாக வந்து இறங்கினால் போதும் என்று யாராவது சொன்னால் அந்த நம்பரை அப்போதே பிளாக் பண்ணுங்கள். இப்படி ஐடி படித்த பிள்ளைகளை ஏமாற்றிக் கூட்டிப்போய் எல்லை தாண்டி மியான்மரில் அடைத்து, ஆன்லைன் மோசடி வேலை செய்ய வைக்கிறார்கள் என்று வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் மாட்டினார்கள். உண்மையான கம்பெனி எதுவும் வாட்ஸ்அப்பில் பத்து நிமிஷம் பேசிவிட்டு டிக்கெட் போடாது.

எந்த நாடு?

அமெரிக்கா என்றால் எச்-1பி என்ற வேலை விசா. வருஷத்துக்கு 85,000 இடம், மார்ச்சில் குலுக்கல். 2025 செப்டம்பரிலிருந்து அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிறவருக்குப் புதிதாகப் போடும் மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று உத்தரவு வந்துவிட்டதால், இங்கிருந்து நேரடியாக உங்களை எடுக்க ஒரு கம்பெனி ரொம்ப யோசிக்கும். சிங்கப்பூர் நமக்குப் பழகிய ஊர்தான், ஆனால் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரியிலிருந்து மாதம் 5,600 சிங்கப்பூர் டாலர், வயது கூடக் கூட அதுவும் கூடும், அதோடு காம்பஸ் என்ற மதிப்பெண் முறையில் 40 புள்ளி எடுக்க வேண்டும்.

நான் ஜெர்மனியைப் பற்றி அதிகம் சொல்லப் போகிறேன். அங்கே குலுக்கல் கிடையாது, விதி எழுத்தில் தெளிவாக இருக்கிறது. நம்ம மாவட்டத்துப் பிள்ளைகளில் நிறைய பேருக்கு அது பொருந்தும் என்று நிஜமாகவே நம்புகிறேன்.

அங்கே வேலை பார்க்கத் தரும் அனுமதியின் பெயர் இ.யு. (ஐரோப்பிய யூனியன்) ப்ளூ கார்டு. 2025-இல் அதற்கான பொதுவான குறைந்தபட்சச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 48,300 யூரோ. ஐடி மாதிரி ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளுக்கும், படிப்பு முடித்து மூன்று வருஷத்துக்குள் இருக்கிறவர்களுக்கும் 43,759.80 யூரோ. ஆண்டுதோறும் இந்தத் தொகை மாறும், அதனால் விண்ணப்பிக்கும் வருஷத்தின் கணக்கை 'மேக் இட் இன் ஜெர்மனி' என்ற அவர்களுடைய அரசுத் தளத்தில் பாருங்கள். டிகிரி ஜெர்மன் டிகிரிக்குச் சமமா என்பதை அனபின் என்ற இலவசத் தளத்தில் நீங்களே தேடலாம். பர்கூர், தர்மபுரி அரசு பொறியியல் கல்லூரிகளில் படித்தவர்களுக்குப் பட்டம் கொடுப்பது அண்ணா பல்கலைக்கழகம் என்பதால் கல்லூரிப் பெயரோடு நின்றுவிடாமல் பல்கலைக்கழகப் பெயரையும் தேடுங்கள், பக்கத்தில் எச் பிளஸ் (H+), அதாவது அங்கீகாரம் உண்டு, என்று இருந்தால் நல்லது, அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள்.

இப்போது நம்ம பக்கத்துக்கு முக்கியமான விஷயம். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஓசூர் கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்து அப்புறம் ஐடிக்கு மாறியவர்கள், பாலிடெக்னிக் டிப்ளமோவோடு டெஸ்டிங்கில் நுழைந்து டெவலப்பர் ஆனவர்கள் நம்மிடம் நிறைய உண்டு. டிகிரி பொருந்தாது என்று இவர்கள் முயற்சியே செய்வதில்லை. 2023 நவம்பரிலிருந்து ஐடி ஆட்களுக்குப் பட்டமே இல்லாவிட்டாலும் ப்ளூ கார்டு உண்டு: கடைசி ஏழு வருஷத்தில் மூன்று வருஷம் பட்டதாரி செய்யும் தரத்திலான ஐடி வேலை பார்த்திருக்க வேண்டும், சம்பளம் அந்தக் குறைந்த வரம்பைத் தொட வேண்டும். அதனால் உங்கள் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் வெறும் பதவிப் பெயர் போதாது, என்ன வேலை செய்தீர்கள் என்று எழுதி வாங்க வேண்டும். கம்பெனியை விட்டு வந்தபின் கேட்டால் எச்.ஆர். போனே எடுக்காது, வேலையில் இருக்கும்போதே கேளுங்கள்.

விதிவிலக்கு என்று சொன்னேனே, சான்சன்கார்ட்டே என்ற வேலை தேடும் அட்டை, 2024 ஜூனில் வந்தது. வேலை இல்லாமலே ஒரு வருஷம் போய்த் தேடலாம், வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலையும் பார்க்கலாம். ஆனால் செலவுக்கு வழி இருப்பதைக் காட்ட வேண்டும், 2025 கணக்கில் மாதம் 1,091 வீதம் வருஷத்துக்கு 13,092 யூரோ, நம்ம பணத்தில் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். இதை நிலத்தை அடமானம் வைத்துத்தான் புரட்ட முடியும் என்றால் வேண்டாம். வேலை கிடைக்காமல் திரும்பி வந்தால் அந்தக் கடன் அப்பா அம்மா தலையில்தான் விழும்.

பெங்களூரு பக்கத்தில் இருப்பதைப் பயன்படுத்துங்கள்

படிப்பு முடித்ததும் நேராக வெளிநாடு என்று நினைக்காதீர்கள். ஓசூரில் வீடு, அத்திப்பள்ளி தாண்டினால் எலக்ட்ரானிக் சிட்டி. எல்லா ஊர்க்காரருக்கும் இந்த வசதி கிடையாது. வீட்டுச் சாப்பாட்டோடு மூன்று வருஷம் நல்ல வேலை பார்த்தால் அனுபவமும் சேரும், கையிலும் கொஞ்சம் காசு நிற்கும். பெரிய சர்வீஸ் கம்பெனியில் சப்போர்ட் ப்ராஜெக்டில் புகார் டிக்கெட்டுகளை மூடிக்கொண்டே காலம் ஓடுகிறது என்றால் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் கோட் எழுதவிடும் இடத்துக்கு மாறுங்கள்.

ரெஸ்யூமில் "ஜாவா, ஸ்பிரிங் பூட், மைக்ரோசர்வீசஸ் தெரியும்" என்று எழுதுவதால் ஒன்றும் நடக்காது, ஆயிரம் பேர் அதையேதான் எழுதுகிறார்கள். "பேமென்ட் சர்வீஸில் நெட்வொர்க் அறுந்து ரீட்ரை ஆகும்போது வாடிக்கையாளரிடம் இரண்டு முறை பணம் பிடித்தது, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி கீ கொடுத்து டேட்டாபேஸில் சரிபார்த்து அதை நிறுத்தினேன்" என்று எழுதுங்கள், இன்டர்வியூவில் பாதி நேரம் அதைப் பற்றியே ஓடும், அதுதான் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: இன்டர்வியூ எடுப்பவர்கள் உச்சரிப்பைப் பார்ப்பதில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்றால் காரணம் சொல்ல வருகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். தினமும் உங்கள் ப்ராஜெக்டின் ஒரு பகுதியை எடுத்து நண்பனிடம் ஆங்கிலத்தில் விளக்கிப் பழகுங்கள். இன்டர்வியூ பெரும்பாலும் நமக்கு மதியமோ மாலையோ இருக்கும், கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் ஜெர்மனி நம்மைவிடப் பின்னால் இருக்கிறது. கரண்ட் போனால் போன் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும்.

மூன்று மாத நோட்டீஸ் பீரியடை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஜெர்மனியிலும் மூன்று மாத நோட்டீஸ் சகஜம், அதனால் காத்திருப்பார்கள். பெர்லின் ப்ராடக்ட் கம்பெனிகள் பலவற்றில் ஆங்கிலம் மட்டுமே போதும், ஆனால் ஜெர்மன் மொழியில் ஏ1, ஏ2 என்ற தொடக்க நிலைகள் வரை இங்கேயே படித்துவிடுங்கள், ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு கோதே இன்ஸ்டிட்யூட் பக்கம். ஏ1 இருந்தால் ப்ளூ கார்டில் 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு, ஏ2-வுக்கு அடுத்த நிலையான பி1 இருந்தால் 21 மாதத்தில்.

பெயர் விஷயம்

இதைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். நமக்கு இனிஷியல்தான், சர்நேம் கிடையாது. மார்க்‌ஷீட்டில் "சரவணன் எம்" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். அவசரத்தில் முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில் போட்டு சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் ஏராளம். டிக்கெட்டிலிருந்து அங்கே வங்கிக் கணக்கு வரை எல்லாப் படிவமும் இரண்டு பெயர் கேட்கும். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரருக்கு முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு., அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்றே அச்சடித்து வரும். கிவன் நேம் சரவணன், சர்நேம் முருகேசன் என்று பிரித்துப் புது பாஸ்போர்ட் வாங்கிவிடுங்கள். அங்கே எல்லோரும் உங்களை அப்பா பெயரால் கூப்பிடுவார்கள், பழகிவிடும்.

நம்ம எல்லைப் பக்கத்தில் இன்னொரு சிக்கல். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற குடும்பங்களில் அப்பா பெயர் ரேஷன் கார்டில் வெங்கடேஷா, ஆதாரில் வெங்கடேசன், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வெங்கடேஷ் என்று மூன்று விதமாக நிற்கும். இனிஷியல் விரிந்திருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எழுத்து மாறினால்தான் கேள்வி வரும். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டை அடிப்படையாக வைத்து மற்றதை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். பெயரே வேறாக இருந்தால் அரசிதழில் வெளியிட்டுத்தான் தீர வேண்டும், அதற்கு நேரம் எடுக்கும். கல்யாணம் ஆனவர்கள் திருமணத்தைப் பதிவு செய்திருக்கிறீர்களா என்று இப்போதே பாருங்கள். கோயிலில் கொடுத்த ரசீது விசாவுக்கு ஆகாது.

ஆஃபர் வந்தபின்

அவர்கள் சொல்லும் சம்பளம் பிடித்தத்துக்கு முன். ஆண்டுக்கு 50,000 யூரோ என்றால் தனியாள் ஒருவருக்கு வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் போய்க் கைக்கு மாதம் சுமார் 2,700 யூரோ வரும். ஐம்பது லட்சம் என்று ஊரில் பேச்சு கிளம்பும், நீங்கள் 2,700-இல் கணக்குப் போடுங்கள். விசா செலவு, டிக்கெட், முதல் மாதத் தங்குமிடம் ஆகியவற்றை கம்பெனி தருமா என்று தயங்காமல் கேளுங்கள், கேட்டால்தான் தருவார்கள்.

விசாவுக்குத் தமிழ்நாட்டில் வசிக்கிறவர் சென்னை ஜெர்மன் துணைத் தூதரகம், கர்நாடகாவில் வசிக்கிறவர் பெங்களூரு. பெங்களூரில் வேலை, ஓசூரில் வீடு என்றால் உங்கள் வசிப்பிடம் எது என்பதுதான் கணக்கு, அதற்கான ஆவணத்தோடு போங்கள். கட்டணம் 75 யூரோ.

பெட்டி கட்டும்போது: கேழ்வரகு மாவு கொண்டு போகலாம், களி கிண்ட அங்கே ஏங்குவீர்கள். நெய், பால் பொருள், இறைச்சி கூடாது. மாம்பழமும் கூடாது, ஐரோப்பாவுக்குள் தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் போகும் பழங்கள் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் மட்டும்தான்.

அங்கே போய் வீடு கிடைத்ததும் இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் தேவை, வரி எண் எல்லாம் அந்தப் பதிவுக்குப் பின்தான் தபாலில் வரும். அதனால் முதலில் தங்கும் இடத்தைப் பிடிக்கும்போதே முகவரி பதிய விடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை, அதை மூன்று தவணையில் கட்ட சட்டமே இடம் கொடுக்கிறது. முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் என்பதால் நாலைந்து லட்சம் சொந்தக் காசாகச் சேர்த்த பின் கிளம்புங்கள்.

மனைவியோ கணவரோ கூட வர ஜெர்மன் தேர்வு எழுத வேண்டாம், வந்த நாளிலிருந்து வேலை பார்க்கலாம். முதல் ஆறு மாதம் பொதுவாக ப்ரொபேஷன், அதில் இரண்டு வார நோட்டீஸில் அனுப்பிவிடலாம்; எனவே குழந்தைகளை உடனே பள்ளி மாற்றாமல் அந்தக் காலம் முடிந்தபின் அழைத்துப் போவது நல்லது என்பது என் கருத்து. வேலை போனாலும் அடுத்த நாளே கிளம்ப வேண்டியதில்லை, ப்ளூ கார்டுக்காரருக்கு வேறு வேலை தேடக் குறைந்தது மூன்று மாதம் உண்டு, ஆனால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரியப்படுத்த வேண்டும்.

ஊரில் இரண்டு வேலை பாக்கி. உங்கள் சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள். அப்புறம், வெளிநாடுவாழ் இந்தியர் ஆனபின் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக வருவதையும் போகும் முன்பே வாங்கியதையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். பக்கத்து மாந்தோப்பை வாங்குவதாக அப்பாவோடு பேச்சு இருந்தால் அதைக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள், அல்லது அப்பா பெயரிலேயே வாங்குங்கள்.