கேஸை அணைத்தேனா: தோழியின் கவலையைச் சிரித்துப் பேசும் முறை

பாளையங்கோட்டை தெற்கு பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம். இரண்டு மெஷின், ஒரு வெட்டுப் பலகை, ஒரு முக்காலி. அந்த முக்காலியில் என் பள்ளித் தோழியைத் தவிர வேறு யாரும் அதிகம் உட்கார்ந்ததில்லை. திருநெல்வேலி டவுனில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலை அவளுக்கு. மாலையில் பஸ் ஏறி ஈரடுக்குப் பாலம் தாண்டி, ஆற்றுப் பாலமும் தாண்டி, ஆறே காலுக்கு என் கடைப் படியில் கால் வைப்பாள். கூடவே அன்றைய கவலையும் வந்து இறங்கும். இருபது வருடமாக இப்படித்தான். "இந்தக் கடையில் மட்டும் எப்படி எப்போதும் சிரிப்புச் சத்தம் கேட்கிறது?" என்று துணி கொடுக்க வரும் பெண்கள் கேட்பார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவள் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். நான் ரவிக்கையும் கொக்கியும் கொடுப்பேன். ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் நூல் கண்ணி. கண்ணி போடுவது பொடி வேலை. ஊசியை மூன்று முறை ஒரே இடத்தில் விட்டு, அந்த நூலின் மேலேயே சுற்றிச் சுற்றி முடிச்சிட வேண்டும். பார்வை அங்கே இங்கே போகக்கூடாது. முகத்தைப் பார்த்தால் வாய்க்கு வராத சொல், ஊசி முனையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தானாக வந்துவிடும். உங்களிடம் ரவிக்கை இல்லாவிட்டால் கீரை ஆயலாம், முருங்கை உருவலாம், பூக் கட்டலாம். எதிரெதிரே உட்கார வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள்.

அடுத்து, "ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைக் கேட்டதும் அவள் வாயை மூடிக்கொள்வாள். கவலை உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்துக்கொள்ளும். விவரம் கேளுங்கள். எத்தனை, எப்போது, எங்கே, யார் என்று தையற்காரி அளவெடுப்பதுபோலக் கேளுங்கள்.

"ஏட்டி, கேஸை அணைத்தேனா என்று காலையிலிருந்து ஒரே சந்தேகம்."

"எத்தனை தடவை பார்த்தாய்?"

"மூன்று தடவை."

"மூன்றாவது தடவை எப்படி இருந்தது?"

"அணைந்துதான் இருந்தது. சிலிண்டரையும் மூடிவிட்டேன்."

"வீட்டில் இப்போது யார்?"

"மாமியார்."

"அவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள்?"

கொஞ்சம் யோசித்தாள். "கேஸை அணைத்தேனா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்" என்றாள். சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்த இடத்தில் நான் எதுவும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன். விவரம் போதுமான அளவு சேர்ந்துவிட்டால் சிரிப்பு அதற்குள்ளிருந்தே எழுந்து வரும்.

அந்தச் சிரிப்பு முதலில் கவலைப்படுகிறவளுடையதாக இருக்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்கு இன்றும் வலிக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கொக்கிரகுளத்தில் அவள் வீட்டுக்குள் இடுப்பளவுக்குத் தண்ணீர். வடிந்த பிறகு உதவப் போனேன். பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். "இனிமேல் நீ குளிக்க ஆற்றுக்குப் போக வேண்டாம், ஆறே வந்துவிட்டதே" என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் இருந்த சேலையை மட்டும் மடித்தாள். அது அவள் கல்யாணச் சேலை. மடிப்பு மடிப்பாகச் சேறு காய்ந்திருந்தது. அதன்பின் ஒன்பது நாள் கடைக்கு வரவில்லை.

பத்தாம் நாள் நானே போனேன். எதுவும் பேசாமல் அந்தச் சேலையை இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து ஐந்து தண்ணீரில் அலசினோம். கொடியில் போடும்போது அவள்தான் ஆரம்பித்தாள்: "குறுக்குத்துறை முருகனைப் பார். நடு ஆற்றில் கோவில். வெள்ளம் வந்தால் மூழ்குகிறார், வடிந்தால் கழுவிவிட்டுப் பூசை வாங்கிக்கொள்கிறார். எனக்குப் பூசை போட யாரும் இல்லை. நீ ஒரு காப்பியாவது போடு." அன்றைக்குத்தான் எனக்குச் சிரிக்க அனுமதி கிடைத்தது. பட்ட இடம் ஈரமாக இருக்கும்வரை வேடிக்கை வேண்டாம். கூட நின்று துணியை அலசுங்கள்.

இனி தன்னம்பிக்கைப் பேச்சுகள். இன்று எல்லோர் கைபேசியிலும் யாராவது ஒருவர் வாழ்க்கையை மாற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் தோழியும் கேட்பாள். கேட்பதில் தவறில்லை, நல்ல சொற்களும் அவற்றில் இருக்கின்றன. ஆனால் பத்துக் கட்டளைகளையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கினால் செவ்வாய்க்கிழமை பதினோராவது கவலை வந்து சேரும்.

"நாலு மணிக்கு எழுந்து, பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று 'நான் வெற்றி பெற்றவள்' என்று பத்துத் தடவை சொல்லச் சொன்னார்."

"சொன்னாயா?"

"ஏழு தடவை சொன்னேன். அதற்குள் மாமியார் எழுந்து வந்து, 'எதில் வெற்றி?' என்று கேட்டுவிட்டார்கள்."

"நீ என்ன சொன்னாய்?"

"இட்லி மாவு நன்றாகப் பொங்கியிருக்கிறது என்றேன்."

பத்தில் ஒன்றை எடுத்து ஒரு வாரம் செய்து பாருங்கள். பொருந்தினால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிரித்துவிடுங்கள். ரவிக்கைக்கும் அதுதான் முறை. எங்களுக்குப் பொருந்திய ஒன்றைச் சொல்கிறேன். என் மகள் கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்க்கோவெக்கும் அவருடைய சகாக்களும் 1983இல் எழுதிய ஒரு வழியை அவள்தான் சொன்னாள். கவலைப்படுவதற்கென்று தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால், "உன் நேரம் வரட்டும்" என்று தள்ளிவைத்துவிட்டுக் கையில் இருக்கும் வேலையைப் பார்க்க வேண்டும்.

எங்கள் நேரம் ஆறரை முதல் ஏழு. துணி வெட்டும் பழுப்புத் தாளில் அவள் தன் கவலைகளைத் தையல் சாக்கட்டியால் எழுதுவாள். முதல் நாள் பதினாலு வந்தன. நாலாம் நாள் வெறுந்தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அலுவலகத்தில் இருக்கும்போது நிறைய இருந்ததே!"

"அதற்கு ஏன் முகம் வாடுகிறது?"

"எதையாவது முக்கியமாக மறந்துவிட்டேனோ என்று கவலையாக இருக்கிறது."

அதையே எழுதச் சொன்னேன். பழுப்புத் தாளில் "கவலை இல்லை என்ற கவலை" என்று எழுதினாள். அந்தத் துண்டு இன்னும் என் மெஷின் இழுப்பறையில் இருக்கிறது.

பிரபலங்கள் பற்றிய பேச்சுக்கு என் தொழிலில் குறைவே இல்லை. வாரத்துக்கு நாலு பேராவது கைபேசியில் ஒரு நடிகையின் படத்தைக் காட்டி, இதே ரவிக்கை வேண்டும் என்பார்கள். தோழியும் ஒரு தடவை கொண்டுவந்தாள், அண்ணன் மகள் கல்யாணத்துக்கு.

"இதில் கை உள்ளே போகுமா?"

"போகும். வெளியே வருமா என்பதுதான் கேள்வி."

"அவர் எப்படிச் சாப்பிடுவார்?"

"சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்த படமாக இருக்கும்."

ஒரு மணப்பெண்ணைப் படமெடுக்கும்போது நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். முன்பக்கம் ஒரு சுருக்கம் இல்லை. பின்பக்கம் ஏழு ஊக்குகளை நானே குத்தினேன். படத்தைப் பார்த்து உங்கள் தோழி தன்னைத் தாழ்த்திக்கொண்டு பேசினால், பின்பக்கம் தெரியாத படம் அது என்று சொல்லுங்கள்.

எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள் என்ற பயம் இன்னொரு வகை. அந்தக் கல்யாணத்தில் அவள் ரவிக்கையில் மேல் கொக்கி தெறித்துவிட்டது. மறுநாள் வந்து, மண்டபமே தன்னைப் பார்த்தது என்றாள்.

"யாராவது கேட்டார்களா?"

"ஒருத்தி கேட்டாள்."

"யார்?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "நீதான்."

இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2000இல் வெளியிட்டது. பாரி மானிலோ என்ற பாடகரின் முகம் அச்சிட்ட சட்டையைக் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுவிட்டு, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அந்த வயதுப் பிள்ளைகள் அதைப் போட வெட்கப்படுவார்களாம். அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் சட்டையில் யார் முகம் என்று கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். தோழி இதைக் கேட்டுவிட்டு, "அந்தக் கால்வாசிப் பேரும் எங்கள் சொந்தக்காரர்களாக இருந்தால்?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெரிய மனிதர்களின் பதற்றத்தைச் சொல்வதும் உதவும். சச்சின் டெண்டுல்கர் 2021இல் வெளிப்படையாகவே சொன்னார். 24 ஆண்டு ஆட்ட வாழ்க்கையில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பதற்றம் இருந்தது, ஆட்டத்துக்கு முன் பல இரவுகள் தூக்கம் வரவில்லை, தேநீர் போடுவதும் துணிக்கு இஸ்திரி போடுவதும்கூட மனத்தைத் தயார்படுத்த உதவின என்றார். "உன் கஷ்டமெல்லாம் ஒரு கஷ்டமா" என்று ஒப்பிட்டுக் காட்டுவதற்காக இதைச் சொல்லாதீர்கள். அவருக்கும் வந்தது, உனக்கும் வருகிறது என்று அருகே உட்கார வைப்பதற்காகச் சொல்லுங்கள். என் தோழி கேட்டது: "இஸ்திரி போட்டால் சதம் வருமா? எங்கள் வீட்டில் நாலு பேர் துணியையும் தேய்க்கிறேன். மின்கட்டணம்தான் சதம் அடிக்கிறது."

சிரிப்பை நிறுத்த வேண்டிய இடமும் உண்டு. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் நகைச்சுவையைத் தள்ளிவையுங்கள். இருந்து என்ன பயன் என்று அவள் ஒரு தடவை சொன்னாலும் போதும், அன்றைக்கே எழுந்திருங்கள். தனியாக விடாதீர்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை. கட்டணம் இல்லை, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். எங்கள் ஊரில் என்றால் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். "நீ போய்ப் பார்" என்று சொல்லாமல், சீட்டு வாங்கும் வரிசையில் நீங்களும் நில்லுங்கள்.

பேச்சை முடிக்கும் விதம் ஒன்று பாக்கி. ஏழு மணிக்கு நான் மெஷினுக்கு உறை போட்டுவிடுவேன். அதற்குப் பிறகு புதுக் கவலை எடுக்கக்கூடாது, நாளைக்குத்தான். பஸ் ஏறியதும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

நேற்று ஏழேகாலுக்கு அழைத்தாள். "ஏட்டி, டிக்கெட்டைக் காணவில்லை. செக்கிங் வந்தால் என்ன செய்வேன்?"

"எந்த டிக்கெட்?"

"பெண்களுக்குக் கொடுக்கிற இலவச டிக்கெட்தான்."

"எத்தனை ரூபாய் நஷ்டம் என்று கணக்குப் போட்டுச் சொல். நீதானே கணக்கெழுதுகிறவள்."

பஸ் இரைச்சலுக்கு மேலே அவள் சிரிப்பது கேட்டது. டிக்கெட் கைக்கடிகாரப் பட்டைக்குள் செருகியிருந்ததாம்.