பழைய போர்தோ வைனும் பொடிந்த தக்கையும்

பாரிஸில் எங்கள் குடியிருப்பின் நிலவறையில் 1996ஆம் ஆண்டில் விளைந்த, பிரான்சின் போர்தோ பகுதியில் பொய்யாக் (Pauillac) என்ற ஊரின் சிவப்பு வைன் இரண்டு பாட்டில் இருந்தது. முதலாவதை எடுத்த கையோடு திறந்தேன். தக்கை பாதியில் பொடிந்தது, அடிமண்டி கலங்கிக் கடைசிக் கோப்பை வரை கசந்தது. மனசு ஆறவில்லை.

மண்டி அடியில் தங்கட்டும் என்று அடுத்ததை இரண்டு நாள் நிமிர்த்தி வைத்தேன். திருகாணிக்குப் பதில் இரண்டு தகடு கொண்ட திறப்பான். தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே தகடுகளை ஆட்டி ஆட்டி இறக்கி, முறுக்கியபடியே இழுத்தேன். முழுசாக வந்தது. கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தி வைத்து, கை நிறுத்தாமல் குடுவையில் ஊற்றினேன். புகைபோல மண்டி எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்.

கோப்பையில் வைனின் ஓரத்தில் செங்கல் நிறம். 17 டிகிரி செல்சியஸில் பென்சில் சீவல், புகையிலை வாசம். இவ்வளவு முதிர்ந்ததை மணிக்கணக்கில் காற்றாட விடாதீர்கள், வாசம் பறந்துவிடும். நான் உடனே பரிமாறினேன்.