பழைய போனைக் கொடுக்கும் முன்: 'அழித்தாச்சு' என்று நம்பிச் செய்யும் தவறுகள்

போன வாரம் வீட்டில் சும்மா கிடந்த ஒரு பென்டிரைவை எடுத்தேன். உள்ளே இருந்த எல்லாவற்றையும் டெலீட் செய்து, விண்டோஸில் குயிக் ஃபார்மட்டும் கொடுத்தேன். திறந்து பார்த்தால் சுத்தமாகக் காலி. அப்புறம் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது நூற்றுக்கணக்கான கோப்புகள் வரிசையாக நின்றன. பெயர்கள் மட்டும் போய், எல்லாம் வெறும் எண்களாக இருந்தன. ஒன்றைத் திறந்தால் அப்பாவின் ஆதார் அட்டை. இன்னொன்றைத் திறந்தால் பழைய வாடகை ஒப்பந்தம், கையெழுத்தோடு.

டெலீட் கொடுத்தால் கம்ப்யூட்டர் கோப்பை அழிப்பதில்லை. 'இந்த இடம் இனி காலி, வேண்டுமானால் வேறு எதையாவது எழுதிக்கொள்' என்று குறித்து வைக்கிறது, அவ்வளவுதான். வேறு எதுவும் அதன்மேல் எழுதப்படும் வரை பழையது அப்படியே கிடக்கும். குயிக் ஃபார்மட்டும் அதே வேலையைத்தான் மொத்தமாகச் செய்கிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வுக்காக சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாத் என்ற இரண்டு மாணவர்கள், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், செகண்ட் ஹேண்டில் 158 ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்தார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றை விற்றவர்களில் பலரும் அழித்துவிட்டதாகத்தான் நம்பியிருப்பார்கள்.

சுழலும் தட்டு உள்ள பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் வழி எளிது. விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிந்தைய எந்த விண்டோஸிலும் ஃபார்மட் செய்யும்போது 'குயிக்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதப்படும். சில மணி நேரம் ஆகும், பொறுமையாக விடுங்கள். 35 தடவை மேலே மேலே எழுத வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அந்த எண் 1996இல் பீட்டர் குட்மன் எழுதிய கட்டுரையில் வந்தது. இன்றைய டிஸ்க்குகளுக்கு அத்தனை தேவையில்லை என்று பின்னாளில் அவரே சொல்லிவிட்டார். ஒரு தடவை முழுதாக எழுதினால் போதும்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் கதை வேறு. ஒரே இடம் சீக்கிரம் தேய்ந்துவிடாமல் இருக்க, அது எழுதும் இடத்தை உள்ளுக்குள் மாற்றிக்கொண்டே இருக்கும். மேலே எழுதிவிட்டோம் என்று நாம் நினைக்கும்போது பழைய தகவல் வேறொரு மூலையில் தங்கிவிடலாம். காந்தத்தைக் காட்டினால் போய்விடும் என்பதும் எஸ்எஸ்டி, பென்டிரைவ், மெமரி கார்டு எதற்கும் பொருந்தாது. அவை காந்தத்தில் எழுதுவதே இல்லை. எஸ்எஸ்டி தயாரித்த நிறுவனமே தரும் மென்பொருளில் 'செக்யூர் இரேஸ்' என்ற முழுதாக அழிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய நாளிலிருந்தே பிட்லாக்கர், அதாவது தகவலைச் சங்கேதமாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி, போட்டு வைத்திருந்தால் இன்னும் நல்லது. பூட்டின சாவியை அழித்தால் உள்ளே இருப்பது யாருக்கும் படிக்க வராத குப்பை.

போனிலும் இந்தச் சாவிதான் கைகொடுக்கிறது. ஐபோனிலும் இப்போதைய ஆண்ட்ராய்டிலும் எல்லாம் பூட்டியே சேமிக்கப்படுகிறது. போனைப் புதிதாக வாங்கிய நிலைக்குத் திருப்பும் ஃபேக்டரி ரீசெட் கொடுத்ததும் சாவி அழிகிறது. ஆண்ட்ராய்டு 6இலேயே இப்படிப் பூட்டுவது கட்டாயமானாலும் மலிவான போன்களுக்கு விலக்கு இருந்தது. ஆண்ட்ராய்டு 10ஓடு வந்த போன்களிலிருந்து விலக்கே இல்லை. அதற்கு முந்தைய போன் என்றால் செட்டிங்ஸில் என்க்ரிப்ஷன் (இந்தப் பூட்டு) போட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் அதை முடித்துவிட்டு ரீசெட் செய்யுங்கள்.

இது தெரியாமல் எங்கள் சித்தி போன தீபாவளி எக்ஸ்சேஞ்சுக்கு முன்னால் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து படங்களை அழித்தார். "ஒண்ணொண்ணா பாத்து அழிச்சுட்டேன்டா, ஒண்ணுகூட இல்ல" என்றார். கூகுள் போட்டோஸ் ஆப்பில் அழித்திருந்தார். பேக்கப் ஆன படத்தை அங்கே அழித்தால் போனில் மட்டுமல்ல, கணக்கிலிருந்தும் போய்விடும். பேத்தியின் காதுகுத்துப் படங்கள் மொத்தமும் போயிருந்தன. நல்லவேளை, பேக்கப் ஆனவை குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும். திருப்பி எடுத்துக் கொடுத்தேன். தயவுசெய்து எதையும் கையால் அழிக்காதீர்கள். பேக்கப் முடிந்ததா என்று இன்னொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ திறந்து கண்ணால் பாருங்கள். ஓடிபி எண் காட்டும் ஆப் வைத்திருந்தால் புதுப் போனுக்கு மாற்றிவிடுங்கள். பிறகு கணக்கிலிருந்து வெளியேறி, செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் கொடுங்கள்.

வெளியேறாமல் பவர், வால்யூம் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால், போன் மறுபடி திறக்கும்போது பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது. ஐபோனும் அப்படித்தான் ஆப்பிள் கணக்கைக் கேட்கும். வாங்கியவர் போன் செய்து "சார், பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்க" என்பார், பாவம் பார்த்து நாமும் சொல்லிவிடுவோம். சொல்லவே கூடாது. ஐபோன் என்றால் ஐகிளவுடில் நுழைந்து, கையில் போன் இல்லாமலே கணக்கிலிருந்து அதை நீக்கிவிட முடியும். ஆண்ட்ராய்டு என்றால் போனை வாங்கி நீங்களே உள்ளே நுழைந்து கணக்கை எடுத்துக் கொடுங்கள்.

மெமரி கார்டை எடுக்க மறப்பது சின்ன விஷயம் போலத் தெரியும். ஃபேக்டரி ரீசெட் பெரும்பாலும் அதைத் தொடுவதே இல்லை. சிம்மையும் மறக்காதீர்கள். பழைய டிவியில் உங்கள் யூடியூப் கணக்கு, ரவுட்டரில் வைஃபை பாஸ்வேர்டு, சிசிடிவி பெட்டியில் வீட்டு வாசலின் பல வாரக் காட்சி என்று இன்னும் பல உண்டு.

ஜெராக்ஸ் கடையோ அலுவலகமோ நடத்துபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பெரிய டிஜிட்டல் நகல் இயந்திரங்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. நகல் எடுத்த தாள்களின் படம் அதில் தங்கும். அமெரிக்காவில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், குத்தகைக்கு எடுத்த இயந்திரங்களைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்தது. 2010இல் அவற்றில் ஒன்று சிபிஎஸ் தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் வாங்கிய பழைய இயந்திரங்களில் சிக்கியது. சுமார் 3,44,000 பேரின் மருத்துவ விவரம் வெளிப்பட்டிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. 2013இல் அந்த நிறுவனம் இதற்காக அரசுக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. இயந்திரத்தை விற்பதற்கு முன் டிஸ்க்கை அழிக்கவோ கழற்றித் தரவோ சர்வீஸ்காரரிடம் கேளுங்கள்.

டிஸ்ப்ளே போன போனைச் சுத்தியலால் அடிப்பவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கைத் துளைப்பதும் ஆபத்து. அந்தச் சின்ன டிஸ்க்குகளில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சில்லுச் சில்லாகத் தெறிக்கும். போன் உயிரோடு இருந்து திரை மட்டும் போயிருந்தால், தெரிந்த சர்வீஸ் கடையில் உங்கள் கண்ணெதிரே வேறொரு டிஸ்ப்ளேயைத் தற்காலிகமாக மாட்டி ரீசெட் செய்யச் சொல்லலாம். நெட் இருந்தால் இன்னொரு போனில், தொலைந்த போனைத் தேடும் 'ஃபைண்ட்' வசதி வழியாகவும் அழிக்கலாம். போன் அடியோடு செத்துவிட்டது, பின் நம்பரும் 1234 மாதிரி இல்லை, மாடலும் புதிது என்றால் உள்ளே இருப்பது பூட்டியே இருக்கிறது. கணக்கிலிருந்து அந்தக் கருவியை நீக்கிவிட்டு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம்.