ஆபரேஷனுக்கு ஊருக்குப் போகும்முன்: சிங்கப்பூர் லீவு கணக்கில் சறுக்கும் இடங்கள்

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் எச்ஆர் (மனிதவளப் பிரிவு) மேசைக்கு முட்டிவலிக்காரர்கள் வரத் தொடங்குவார்கள். திருச்சியில் மூட்டு மாற்று, மதுரையில் கண்புரை, சென்னையில் ஹெர்னியா. "அங்க செஞ்சா செலவு கம்மி, பிள்ளைங்களுக்கும் லீவு, பாத்துக்க அம்மா இருக்காங்க" என்பார்கள். காரணங்களில் குறையே இல்லை. வருஷா வருஷம் ஆள்தான் மாறுகிறார், சறுக்குகிற இடம் மாறுவதில்லை. டிக்கெட்டைச் சீக்கிரம் எடுங்கள், பழைய ஸ்கேனை எடுத்துக்கொண்டு போங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அவ்வளவு விவரம் எல்லோருக்கும் உண்டு.

60-ஐயும் 14-ஐயும் கூட்டி 74 என்பது

கூட்டாதீர்கள். ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு மருத்துவமனை விடுப்பு 60 நாள். சாதாரண மருத்துவ விடுப்பான 14 நாளும் அதற்குள்தான் அடக்கம்.

ஊர் டாக்டர் தரும் எம்சியை (மருத்துவச் சான்றிதழை) நம்பி விமானம் ஏறுவது

எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் இதைச் செய்துவிட்டு வந்து நிற்கிறார். எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத விஷயம் இதுதான்.

வேலை நியமனச் சட்டப்படி சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு வேண்டுமென்றால், சான்று தருபவர் சிங்கப்பூரில் பதிவுபெற்ற மருத்துவராகவோ பல் மருத்துவராகவோ இருக்க வேண்டும். திருச்சியில் உங்களுக்கு முட்டி மாற்றியவர் கைராசிக்காரராக இருக்கலாம், ஊரே அவரைக் கொண்டாடலாம். அவர் எழுதும் "மூன்று மாதம் ஓய்வு" இங்கே நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. ஏற்றுக்கொள்வதும் மறுப்பதும் முதலாளியின் விருப்பம். சில நிறுவனங்கள் பெருந்தன்மையாக ஏற்கின்றன. பல இடங்களில் வெளிநாட்டில் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால் மட்டும் ஏற்பார்கள். தேதி குறித்து, நாள் பார்த்து, அத்தையிடம் சொல்லிவிட்டுச் செய்துகொள்ளும் ஆபரேஷனை எந்த எச்ஆரும் திடீர் நோய் என்று எழுத முடியாது.

எங்கள் கிடங்கில் ஒரு சூப்பர்வைசர் அண்ணன் இருந்தார். இரண்டு வாரம் ஆண்டு விடுப்பு போட்டுவிட்டு ஊருக்குப் போனார். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே முட்டி மாற்று. டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மஞ்சள் வெளிச்சத்தில், ஓரத்தில் கட்டைவிரல் தெரிய எடுத்த படம். கீழே ஒரு வரி: "மூணு மாசம் ரெஸ்ட்டும்மா, ஹாஸ்பிடல் லீவுல போட்டுருங்க." மேனேஜரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "சொன்னேனே, சரி பாத்துக்கலாம், போயிட்டு வாங்கன்னாரு" என்றார். அந்த மேனேஜர் அதற்குள் வேறு கிளைக்கு மாறிப் போயிருந்தார். எழுத்தில் ஒரு வரி கிடையாது.

அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு வந்த நாள்கள் எல்லாமே சம்பளமில்லா விடுப்பாயின. இன்னொரு சங்கடமும் இருந்தது. ஆண்டு விடுப்பில் இருக்கும் நாள்களுக்குச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு கேட்கும் உரிமை கிடையாது. அதனால் ஆபரேஷன் நடந்த அந்த இரண்டு வாரத்தையும் பிறகு மாற்றிப் போட்டு ஆண்டு விடுப்பை மீட்க வழியில்லை.

அவருக்கு உண்மையில் வலித்தது அடுத்த மாதம்தான். சம்பளம் இல்லையென்றால், அதிலிருந்து கட்டாயமாகச் சேமிக்கும் மத்திய சேமநிதிக்குச் (சிபிஎஃப்) சந்தாவும் இல்லை. அவருடைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடன் சேமநிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து கழிந்துகொண்டிருந்தது. கணக்கில் போதிய பணம் இல்லை. மிச்சத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டி வந்தது. ஊரில் மிச்சம் பிடித்த பணம் அப்படியே போனது.

நான் சொல்ல வருவது இந்தக் கணக்கைத்தான். எல்லோரும் இரண்டு ஆஸ்பத்திரி பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். இழக்கப்போகும் சம்பளத்தை எந்தப் பக்கமும் எழுதுவதில்லை. இங்கேயே அரசாங்க மருத்துவமனையில் மானிய வார்டில் செய்துகொண்டால் மெடிசேவ் (சேமநிதியின் மருத்துவச் சேமிப்பு) உண்டு, மெடிஷீல்டு லைஃப் (அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்பீடு) உண்டு, மேலே 60 நாள் வரை சம்பள விடுப்பும் உண்டு. ஊரில் செய்தால் மூன்றும் போகும். வெளிநாட்டில் திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சைக்கு மெடிசேவ் எடுக்க 2010 முதல் ஒரு வழி உண்டுதான். அது மலேசியாவில் அனுமதி பெற்ற சில மருத்துவமனைகளுக்கு, அதுவும் இங்கிருந்து முறையாகப் பரிந்துரைத்து அனுப்பினால் மட்டும். கம்பெனி இன்சூரன்ஸும் பெரும்பாலும் வெளிநாட்டில் அவசரச் சிகிச்சையோடு நின்றுவிடும். இத்தனையையும் எழுதிப் பார்த்த பிறகும் ஊர்தான் மலிவு என்றால் தாராளமாகப் போங்கள். பலருக்கு அப்படித்தான் வருகிறது. இங்கே காத்திருப்பு நீளம், அங்கே பார்த்துக்கொள்ள ஆள் உண்டு.

போவதென்று முடிவானால் முதலில் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) வழியாக இங்குள்ள எலும்பு நிபுணரைப் பாருங்கள். ஆபரேஷன் தேவை என்று அவர் எழுதித் தரும் கடிதத்தால் நிறுவனம் சம்பளம் கொடுக்கக் கடமைப்படாது. ஆனால் உங்கள் கோரிக்கை உல்லாசப் பயணம் போலத் தெரியாது. பிறகு மேனேஜருக்கும் எச்ஆருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல்: என்ன ஆபரேஷன், எந்த மருத்துவமனை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அதில் எத்தனை நாள் ஆண்டு விடுப்பு, எத்தனை நாள் சம்பளமில்லா விடுப்பு, வெளிநாட்டு எம்சியை ஏற்பீர்களா மாட்டீர்களா. கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். "மாட்டோம்" என்பதைப் போகும்முன் கேட்பது நல்லது. பதில் எழுத்தில் வரும்வரை அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.

அழகுக்காகச் செய்வதை மருத்துவ விடுப்பில் சேர்ப்பது

நடக்காது. ஆண்டு விடுப்பை எடுங்கள்.

திரும்பும் தேதியை முதலிலேயே பூட்டுவது

மூட்டு மாற்றிய முதல் வாரங்களில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம். நான்கு மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கி உட்கார்ந்து வரும் பயணத்தை அலட்சியமாக எண்ணாதீர்கள். எப்போது பறக்கலாம் என்பதை அறுவை செய்தவர் சொல்லட்டும், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். வேலைக்குத் திரும்புவதும் ஒரே கணக்கில் வராது. நாற்காலி வேலைக்கு ஆறு வாரம் போல ஆகும். நாள் முழுக்க நிற்பவருக்கும் சுமை தூக்குபவருக்கும் மூன்று மாதம்கூட ஆகலாம். கிடங்கில் வேலை செய்பவர், கூட வேலை பார்க்கும் கணக்காளர் எடுத்த விடுப்பைப் பார்த்து அதே நாள் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். முதல் மாதத்துக்கு இலகு வேலை தர முடியுமா என்று போகும்போதே கேட்டு வையுங்கள்.

தேதி இல்லாத டிஸ்சார்ஜ் சம்மரி

"கம்ப்ளீட் பெட் ரெஸ்ட்" என்று மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். எதிலிருந்து எதுவரை? வார்டை விட்டு இறங்கும்முன் நோயின் பெயர், ஆபரேஷன் தேதி, ஓய்வு தொடங்கும் நாள், முடியும் நாள், டாக்டரின் பதிவு எண், கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிங்கப்பூர் திரும்பிய பிறகு போனில் கேட்டால் "சார் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கார்" என்பதே பதில். உள்ளே வைத்த செயற்கை மூட்டின் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்குங்கள். கம்பெனி பெயரும் தொகுதி எண்ணும் அதில்தான் இருக்கும். இங்கே தொடர்ந்து பார்க்கப்போகும் டாக்டர் முதலில் கேட்பது அதையே.

விசாவும் மறுநுழைவு அனுமதியும்

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இந்தியாவின் இ-மெடிக்கல் விசா முதல் வருகையிலிருந்து 60 நாள்தான். ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர் அட்டை) இருந்தால் கவலையில்லை. நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதி எப்போது முடிகிறது என்று பாருங்கள்.

"இன்னும் பத்து நாள் ஆகும்" என்று சும்மா இருந்துவிடுவது

புண் ஆறத் தாமதமாகலாம், அதில் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் ஒப்புதல் பெற்ற விடுப்பு முடிந்த பிறகு, முன் அனுமதியும் இல்லாமல் தகவலும் தராமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராமலிருந்தால் நீங்களே ஒப்பந்தத்தை மீறியதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். படுக்கையிலிருந்தபடியே நீட்டிப்பு கேட்டு மின்னஞ்சல் போடுங்கள், பதிலையும் வாங்கிவிடுங்கள். மைத்துனரை விட்டுப் போன் செய்யச் சொன்னால் கணக்கில் வராது. விமானம் இறங்கிய பிறகும் நடக்க முடியவில்லையென்றால் மறுநாளே இங்குள்ள டாக்டரைப் பாருங்கள். அவர் பார்க்கிற நாளிலிருந்துதான் எம்சி தருவார். ஊரில் கழிந்த நாள்களுக்குப் பின்தேதி போட்டுத் தரச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.