புது ஆளிடம் நல்ல சீட்டை வீணாக்காதீர்கள்: போக்கரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் நோம்பிக்கு ஒரம்பரை கூடினால், கோபிப் பக்கமானாலும் பொள்ளாச்சிப் பக்கமானாலும், தோட்டத்துச் சாளையில் ஒரு சீட்டுக்கட்டு வெளியே வந்துவிடும். முன்பெல்லாம் ரம்மி, மூணு சீட்டு. இப்போது வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் டெக்சஸ் ஹோல்டெம் போக்கரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு; அந்த ஏழில் சிறந்த ஐந்து யாரிடம் என்பதுதான் ஆட்டம். அரை மணி நேரம் விதியைக் கேட்டுக்கொண்டு மாமாவும் பெரியப்பாவும் உட்கார்ந்துவிடுகிறார்கள். நன்றாக ஆடத் தெரிந்த இளவட்டங்கள் நல்ல சீட்டை வைத்துக்கொண்டே அவர்களிடம் தோற்கிறார்கள்.

இங்கே பேசுவது காசில்லாத ஆட்டத்தைப் பற்றி மட்டும். காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. வீட்டிலும் காசு வேண்டாம். ஆளுக்கு ஒரு குவியல் புளியங்கொட்டை போதும். கடைசியில் வருபவர் எல்லாருக்கும் இளநீர் வெட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கொட்டைக்கும் ஒரு மதிப்பு வந்துவிடும்.

முதல் தவறு, புது ஆளிடம் ப்ளஃப் அடிப்பது, அதாவது மோசமான சீட்டோடு பெரிய சீட்டு இருப்பதுபோல் காட்டி ஏமாற்றப் பார்ப்பது. ப்ளஃப் பலிக்க வேண்டுமானால், நாம் போடும் பெட்டை (பந்தயத்தை)ப் பார்த்து எதிராளி நம் கையில் என்ன இருக்கும் என்று யோசிக்க வேண்டும். மாமா தன் இரண்டு சீட்டை மட்டும்தான் பார்க்கிறார். மேசையில் மூன்று ஹார்ட் விழுந்து, நீங்கள் பெரிதாகப் பெட் வைத்தாலும், அவர் கையில் ஒரு எட்டு ஜோடி இருந்தால், "இருங்க மாப்ள, அடுத்த சீட்டையும் பாத்துப்போட்டுப் போறனுங்க" என்பார். மூணு சீட்டில் சீட்டைப் பார்க்காமலே ப்ளைண்டில் ஆடிப் பழகிய கை அது. எளிதில் ஃபோல்டு செய்யாது, அதாவது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகாது.

அந்தப் பழக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மூணு சீட்டில் ஒரே எண் மூன்று சேர்ந்தால் அதற்கு மேல் ஒன்றுமில்லை. வரிசை (அடுத்தடுத்த எண்கள்) கலரை (ஒரே சின்னத்துச் சீட்டுகளை) வெல்லும். போக்கரில் கலர்தான் வரிசையை வெல்லும். மூன்று ஒரே எண் இரண்டுக்கும் கீழே. ஆகவே புது ஆள் துள்ளிக் குதித்துப் பெட் வைத்தால், தன் சீட்டு பெரியது என்று அவர் நினைக்கிறார் என்பது வரைதான் நமக்குத் தெரியும்.

ஆட்டம் தொடங்கும்போது சிறிதாக ரெய்ஸ் செய்வது (பந்தயத்தை ஏற்றுவது) அடுத்த தவறு. ஏஸ் ஜோடி கையில் இருந்து, ஏதோ ஒரு சீட்டோடு ஒருவர் மட்டும் எதிரே இருந்தால், கடைசிவரை போனால் நூற்றுக்கு 85 தடவை நாம்தான் ஜெயிப்போம். அதே ஏஸ் ஜோடிக்கு எதிரே ஐந்து பேர் இருந்தால் அது ஏறக்குறைய 49 ஆகிவிடும். ஆகவே எதிரே ஆட்கள் குறையும்படி பெரிதாக ரெய்ஸ் பண்ண வேண்டும். வழக்கமாக பிக் ப்ளைண்டை (ஆட்டம் தொடங்குமுன் ஒருவர் கட்டாயமாக வைக்கும் பெரிய பெட்)ப் போல மூன்று மடங்கு ரெய்ஸ் என்பார்கள். எல்லாரும் கால் பண்ணும் (அடுத்தவர் வைத்த அளவே வைத்துத் தொடரும்) மேசையில் ஐந்து, ஆறு மடங்குகூடப் போடலாம். தயக்கமே வேண்டாம்.

மிகப் பெரிய இழப்பு வருவது நடுவில்தான். உங்கள் கையில் ஸ்பேடு ஏஸ், டைமண்ட் கிங். ஃப்ளாப்பில் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில்) ஹார்ட் கிங், ஹார்ட் எட்டு, கிளாவர் மூன்று. பாட்-இல், அதாவது நடுவில் சேர்ந்த குவியலில், 100 கொட்டை. எதிரே மாமா மட்டும். கிங் ஜோடி, பக்கத்துணைக்கு (ஜோடி சமமானால் யார் பெரியவர் என்று தீர்மானிக்கும் சீட்டு) ஏஸ். நல்ல சீட்டுதான், வெல்ல முடியாத சீட்டு இல்லை. இங்கே சிலர் சும்மா செக் பண்ணி, அதாவது ஒன்றும் வைக்காமல் விட்டு, பதுங்குவார்கள். சிலர் 20 கொட்டை வைப்பார்கள். இரண்டும் தப்பு.

மாமாவிடம் இரண்டு ஹார்ட் இருக்கிறது என்று வையுங்கள். இன்னும் ஒன்பது ஹார்ட் பாக்கி. அடுத்த சீட்டிலேயே கலர் சேர நூற்றுக்கு 19 வாய்ப்பு. இரண்டு சீட்டும் பார்த்தால் 35, ஆனால் இரண்டாவதைப் பார்க்க அவர் இன்னொரு பெட்டும் கொடுக்க வேண்டும். நீங்கள் 20 வைத்தால், 120-ஐப் பிடிக்க அவர் 20 கொடுத்தால் போதும். நூற்றுக்கு 14 தடவை கலர் சேர்ந்தாலே அவருக்குக் கட்டுப்படியாகும். லாபத்தை நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி. 75 வைத்தால், 175-க்காக அவர் 75 போட வேண்டும். அதற்கு நூற்றுக்கு 30 வாய்ப்பு வேண்டும். அடுத்த சீட்டில் அவருக்கு இருப்பதோ 19. அவர் கணக்குப் பார்க்காமல் கால் பண்ணுவார். பண்ணட்டும், நமக்கு வேண்டியதும் அதுதான். எட்டு ஜோடியோடும், சின்னத் துணையுள்ள கிங்கோடும் அதே 75-ஐக் கொடுப்பார்.

டர்னில் (நான்காவது பொதுச் சீட்டாக) ஸ்பேடு இரண்டு விழுகிறது. யாருக்கும் உதவாத சீட்டு. பாட் இப்போது 250. இன்னொரு முறை, 150 அளவுக்கு வையுங்கள். இந்த இடத்தில்தான் பலருக்குக் கை நடுங்கும்: "ஒருவேளை மூணும் எட்டும் வெச்சிருந்தா?" வைத்திருக்கலாம், அப்படியானால் அவருக்கு இரண்டு ஜோடி, நாம் தோற்போம். ஆனால் எதை வேண்டுமானாலும் வைத்து ஆடும் ஒருவர் நம்மை வெல்லும் சீட்டை வைத்திருப்பதைவிட, நம்மிடம் தோற்கும் சீட்டை வைத்திருப்பதே அதிகம். ரிவரிலும் (கடைசிப் பொதுச் சீட்டிலும்) ஹார்ட் வராமல், அவர் செக் பண்ணினால், மூன்றாவது தடவையும் வையுங்கள். அங்கே பயந்து செக் பண்ணுவது தெரிந்தே கொட்டையை மேசையில் விட்டுவிட்டு வருவது.

சில தடவை அவர் இரண்டும் ஏழும் வைத்துக்கொண்டு ஜெயித்துவிடுவார். ஏஸ் ஜோடியே ஏழு தடவைக்கு ஒரு தடவை போல ஒற்றை ஆளிடம் தோற்கும். "இந்தச் சீட்டையெல்லாம் வெச்சுட்டு எப்படி மாமா கால் பண்ணறீங்க?" என்று கேட்காதீர்கள். பெரியவர் மனது நோகும், அது முதல் காரணம். அடுத்த ஆட்டத்தில் அவர் ஒழுங்காக ஃபோல்டு பண்ணத் தொடங்கிவிடுவார் என்பதும் உண்மை. முடிந்தால் அவருக்கு இடது கைப்பக்கம் உட்காருங்கள். ஆட்டம் இடப்பக்கமாகச் சுற்றுவதால், அவர் என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுக்கலாம்.

இனி, நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது. இதுவரை கால் மட்டுமே பண்ணிக்கொண்டிருந்த பெரியப்பா, ரிவரில் மூன்றாவது ஹார்ட் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து உங்கள் பெட்டை மூன்று மடங்காக ரெய்ஸ் பண்ணினால், நம்புங்கள். எதற்கும் கால் பண்ணும் புது ஆட்கள் ரிவரில் பொய்யாக ரெய்ஸ் பண்ணுவது மிக அரிது. சீட்டையே பார்க்காமல் எல்லா ஆட்டத்திலும் ஆல் இன் போடும் (கையில் உள்ள கொட்டை முழுவதையும் வைக்கும்) மச்சான் வேறு வகை. அவரிடம் கிங் ஜோடியோடு தாராளமாகக் கால் பண்ணலாம். பெரியப்பாவிடம் அதே கிங் ஜோடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த சீட்டுக்குக் காத்திருங்கள்.