வாலில் உட்கார்ந்த லிபரேட்டர்

இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-24 லிபரேட்டரின் மாதிரியை 1/24 அளவில் பால்சா மரத்தில் செய்தேன். அசலுக்கு இறக்கை அகலம் 33.5 மீட்டர், எனக்கு 140 செ.மீ. களியக்காவிளை வீட்டில் அதைத் திருப்பக்கூட இடமில்லை.

சக்கரம் மாட்டித் தரையில் வைத்தால், மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிட்டது! மூக்குச் சக்கரம் உள்ள விமானம் இது. எடை முக்கியச் சக்கரங்களுக்குப் பின்னால் போனால் அப்படித்தான் சாயும். எவ்வளவு ஈயம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. அப்புறம் மூக்கில் ஒரு பிளாஸ்டிக் கப்பை டேப்பால் ஒட்டி, குளச்சலில் வாங்கிய தூண்டில் ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். 380 கிராமில் வால் எழுந்தது. இன்னும் 40 கிராம் சேர்த்துக்கொண்டேன், சும்மா ஒரு தைரியத்துக்கு.

மூக்கு முழுக்கக் கண்ணாடி, ஈயம் வெளியே தெரியும். அதனால் விமானி அறையின் தரைக்கடியிலும் முன்சக்கரக் குழியின் இரு பக்கமும் அரால்டைட் பசையில் பதித்தேன்.

மறுநாள் பார்த்தால் அலுமினிய முன்கால் வளைந்திருந்தது. இத்தனை எடையை அது எப்படித் தாங்கும்? சைக்கிள் ஸ்போக்குத் துண்டுகள் இரண்டைச் சேர்த்து, செப்புக் கம்பி சுற்றி, அரால்டைட் பூசிப் புதுக்கால் செய்தேன். மூன்று மாதமாக நிற்கிறது.

1948 முதல், கான்பூரில் கைவிடப்பட்ட லிபரேட்டர்களைப் பெங்களூரில் சீராக்கித்தான் நம் விமானப்படை ஓட்டியது. அடுத்து நம் விமானப்படையின் அடையாளங்களை இதில் வரைய வேண்டும்.