பாம்பும் பூனையும் ஒரே வீட்டில் இருந்தால்

பாம்பு வளர்க்கும் வீட்டில் பூனையும் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது கூண்டின் மூடியை. சும்மா மேலே வைக்கும் வலைமூடி போதாது. சூட்டு விளக்கின் கதகதப்புக்கு ஆசைப்பட்டு பூனை அதன்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். எடை தாங்காமல் வலை தொய்ந்து, ஓரத்தில் இடுக்கு விழும். தலை நுழைந்தால் போதும், பாம்பு முழுதாக வெளியே வந்துவிடும். பூட்டுப் போடும் முன்கதவுக் கூண்டுதான் நல்லது.

முயல், வெள்ளெலி, கிளி எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும். முயலைத் தூக்கிய கையைக் கழுவாமல் கூண்டுக்குள் விட்டால், வாசனையை வைத்துக் கையையே இரையென்று கவ்விவிடும். பாம்பைத் தொட்ட பிறகும் சோப்பு அவசியம். நன்றாக இருக்கும் பாம்பிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

பலர் கவனிக்காதது உண்ணி மருந்து. நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் மருந்து பாம்புக்கு நஞ்சு (பூனைக்கும்தான்). கூண்டு இருக்கும் அறையில் அதை அடிக்கவே கூடாது.

பூனை பாம்பைக் கடித்துவிட்டால், காயம் ஊசி குத்தியது போலத் தெரிந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பல் ஆழமாக இறங்கி, கிருமியை உள்ளே விட்டிருக்கும்.